கரும்பு டிராக்டர் கட்டுரைக்கு இருபதுக்கு எத்தனை?

1

இந்தக் கதை என் கைக்கு வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு திருட்டுச் சரக்கு என்று யாரும் பேசக் கூடாது பாருங்கள். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடைக்கு, குக்கருக்கு கேஸ்கட் வாங்க ஷர்புன்னிசா டீச்சர் வந்தார். எங்களுக்கு இரண்டு கடை தள்ளி ஜவுளி விற்ற ஹயாத் பாஷாவின் மகள். கேஸ்கட் விலையைப் பேசிப் பேசிக் குறைத்துக்கொண்டே, நடுநடுவில் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொன்னார். விலை படிந்தது. கேஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், சங்கதியைக் கல்லாப்பெட்டிமேல் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

"எழுதிக்கோ தம்பி. ஆனா நீ ஜாஸ்தி பண்ணுவே. எழுதினதும் எங்கிட்ட காட்டணும், ஆமா."

காட்டினேன். சிவப்பு மையோடு திரும்பி வந்தது. நீங்கள் படிக்கப்போவது அந்த மைக்குத் தப்பி மிஞ்சியது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: "கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மார்கழிப் பனி, மூங்கில்துறைப்பட்டுச் சாலையின் இருபுறமும் நின்ற கரும்பின்மேல் ஒரு வெள்ளை—" [வேண்டாம். கடை வாசலில் சீரியல் பல்பு கட்டுகிற வேலை. வருகிறவர் பல்பைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்.]

இரண்டாவது: "வாதம் என்பது யாது? ஒரு நிலைப்பாட்டை எடுத்து, அதற்குக் காரணம் சொல்லி, காரணத்துக்குச் சான்று காட்டி—" [இது பொன்னுரங்கம் சாருக்குப் பிடிக்கும். அவர் யார் என்பதற்கு அடுத்த பகுதி வரை பொறுக்க வேண்டும்.]

மூன்றாவது: "அறுபத்திரண்டு தாள் கொண்ட கட்டில் மணிமொழியின் தாள்தான் முதல் தாள்."

இதை வைத்துக்கொள்கிறேன். இதில் ஒரு அலங்காரமும் இல்லை. ஆனால் நடந்த தப்பு முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

3

மூங்கில்துறைப்பட்டு போகிற சாலையில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். அதில் ஷர்புன்னிசா தமிழாசிரியர். பொன்னுரங்கம், எலவனாசூர்கோட்டைக்காரர், பொருளியல் ஆசிரியர். தேர்வுப் பொறுப்பும் அவரிடம். பதினொன்றாம் வகுப்புக்கு வாதக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்து, ஒரு போட்டியும் வைத்தார்கள். தலைப்பு ஒன்றுதான்: 'பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் கரும்பு டிராக்டர்கள் சாலையில் ஓடலாமா?'

கரும்பு அரவைப் பருவம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, பிள்ளைகளின் சைக்கிளும் ஆலைக்குப் போகும் டிராக்டரும் ஒரே சாலையில். டிரெய்லருக்கு வெளியே இரண்டு பக்கமும் கரும்பு கை நீட்டிக்கொண்டு போகும். போன பருவத்தில் ஒரு பனிக்காலையில், அப்படி நீட்டிய கரும்பு ஒன்று அபிநயா என்ற மாணவியின் சைக்கிள் ஹேண்டிலைக் கொக்கி போட்டு இழுத்தது. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. இழுத்தது எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே கிடந்த பெண் பார்த்தது, பனிக்குள் போய்க்கொண்டிருந்த கரும்புத் தோகையை மட்டும்.

இந்த முறை டிராக்டர்காரர்களும் அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேச ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. முதல் பரிசு பெறும் கட்டுரையை, எழுதிய மாணவரே அந்தக் கூட்டத்தில் எழுந்து படிக்கலாம் என்று தலைமையாசிரியர் அறிவித்துவிட்டார். ஒரே ஒரு கட்டுரை. இரண்டாம் பரிசுக்குப் பேனா.

மதிப்பெண் இருபது. ஐந்து கட்டம், கட்டத்துக்கு நான்கு: நிலைப்பாடு, காரணம், சான்று, எதிர்வாதம், மறுப்பு. அதாவது நீ என்ன சொல்கிறாய், ஏன் சொல்கிறாய், எதை வைத்துச் சொல்கிறாய், எதிராளி என்ன சொல்வார், அவருக்கு உன் பதில் என்ன. இரண்டு ஆசிரியர்களும் தனித்தனியாகத் திருத்தி, சராசரி எடுக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் நான்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

தமிழழகன் என்ற மாணவனுக்கு டீச்சர் பதினாறு, சார் பதினேழு. சராசரி பதினாறரை. டிராக்டர் ஓடக் கூடாது என்று பூட்டுப் போட்டதுபோல் எழுதியிருந்தான். எதிர்ப்பக்கம் கொடுத்திருந்தால் அதையும் இதே பூட்டோடு எழுதியிருப்பான். அந்த மாதிரிக் கெட்டிக்காரன்.

மணிமொழிக்கு டீச்சர் பதினெட்டு. சார் ஒன்பது.

4

"இன்னா சார் நீங்க, ஒன்பது போட்டுக்கினு உக்காந்திருக்கீங்க? பொண்ணு எழுத்தப் பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன் மேடம். கடைசிக் கட்டம் வரைக்கும் பாத்தேன். அங்க ஒண்ணுமே இல்ல. நீங்க எப்படிப் பதினெட்டு போட்டீங்க?"

"சரி, நீங்க ஒரு ஏறு ஏறுங்க, நான் ஒரு எறங்கு எறங்கறேன்."

"இது இன்னா மேடம், புடவையா?"

பொன்னுரங்கத்துக்குப் பேரம் என்றாலே ஒவ்வாது. விலை ஒட்டியிருக்கும் கடையில்தான் சோப்புகூட வாங்குவார். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இது கட்டுல மொதத் தாளு தானே?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"போணி."

டீச்சருக்குச் சுருக்கென்றது.*

"போன ரெண்டு வருஷத்துல நீங்க திருத்தின ஒன்பது கட்டு மார்க்கும் எங்கிட்ட இருக்கு. ஒன்பதுலயும் மொதத் தாளு, அந்தக் கட்டோட சராசரிய விட ஜாஸ்தி. ஒண்ணு கூட தப்பல. மொதல்ல வர்ற புள்ள எல்லாமே நல்லாப் படிக்கிற புள்ளயா மேடம்?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பதினெட்டு வருட ஆசிரியர் வேலை. கையில் பேனா இருந்தது. கை மட்டும் அப்பாவுடைய ஜவுளிக் கடையிலேயே இருந்திருக்கிறது.

"சான்றுக்கு உங்களுக்கு நாலுக்கு நாலு சார்" என்றார்.

[* வெளியூர் வாசகருக்கு: கடை திறந்ததும் நடக்கும் முதல் விற்பனை போணி. அந்த ஆள் அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். அனுப்பினால் அன்றைய வியாபாரமே முகம் திருப்பிக்கொள்ளும் என்று நம்பிக்கை. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் அனுப்பியதில்லை.]

மறுபடி திருத்துவதாக டீச்சர் ஒப்புக்கொண்டார். எந்த இடத்தில் வைத்து? கட்டின் கடைசியில் வைத்தால், கடை சாத்துகிற நேரத்தில் மிச்சத்தைத் தள்ளிவிடும் விலை வந்துவிடும். அதுவும் ரத்தத்தில் உள்ளதுதான். நடுவில் செருகினார், முப்பத்தொன்றாவதாக. மறுநாள் காலையில் மேலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார்.

5

முப்பத்தொன்றாவது தாள். [டீச்சர் நகல் எடுத்துக் கொடுத்ததிலிருந்து. ஒரு புள்ளிகூட நான் சேர்க்கவில்லை.]

"பள்ளி நேரத்தில் கரும்பு டிராக்டர்கள் ஓடக் கூடாது என்பது என் நிலைப்பாடு. நான் மூன்று நாள்கள் எங்கள் தெருமுனையில் நின்று எண்ணினேன். எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் முப்பத்தேழு, நாற்பத்தொன்று, முப்பத்தைந்து வண்டிகள் போயின..."

அடுத்த பக்கத்தில் எதிர்வாதம்.

"என் அப்பா பூமாலை டிராக்டர் ஓட்டுகிறார். வெட்டிய கரும்பு வெயிலில் காத்திருந்தால் காய்ந்து எடை குறையும். காலையில் நிறுத்தினால் ஆலை வாசலில் வரிசை நீளும், ஒரு நடை போய்விடும். ஆகவே நிறுத்திய நேரத்தைப் பிடிக்க வேகமாக ஓட்டுவார்கள். அப்போது சாலையில் நாங்கள் இல்லாவிட்டாலும் வேறு யாராவது இருப்பார்கள். இதைச் சொன்னவர் என் அப்பா. இதற்கு மறுப்பு தேடினேன். கிடைக்கவில்லை."

பிறகு கடைசிப் பத்தி.

"பதினோரு ஓட்டுநர்களிடம் பேசினேன். பன்னிரண்டாவது ஆள் என் அப்பா. மற்றவர்களிடம் கேட்ட ஒரு கேள்வியை அவரிடம் மட்டும் கேட்கவில்லை: என் பெஞ்சுத் தோழி அபிநயாவின் சைக்கிளை இழுத்தது யாருடைய வண்டி என்று. கேட்டால் என் வாதம் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். அதற்குப் பின்னால் தாளில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது.

போணித் தள்ளுபடியைக் கழித்துவிட்டுக் கூட்டினால், டீச்சருக்குப் பதினைந்து வந்தது. மறுப்புக் கட்டத்தில் முன்பு கண்ணை மூடிக்கொண்டு நான்கு போட்டிருந்தார். இப்போது ஒன்று.

5 (மறுபடியும், முதல் வரைவிலிருந்து)

"பூமாலையின் டிரெய்லரில், அபிநயாவின் சைக்கிள் மணியின் ஒரு துண்டு இன்னும்—"

இந்த வரிக்கு நேரே சிவப்பு மை தாளைக் கிழித்திருக்கிறது. டீச்சர் கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னாடா தம்பி இது? அந்த வண்டி பூமாலையோடதுன்னு நீயே தீர்ப்பு எழுதிட்டியே?"

"கதைக்கு நல்லா இருக்கும்னு…"

"அந்தப் பொண்ணே கேக்கலன்னு எழுதி வெச்சிருக்கு. அது கேக்காதத நீ ஏன் கேட்டே? சான்று, சைபர்."

"அக்கா, கொஞ்சம் பாத்துப் போடுங்க—"

"ஒங்கடை கேஸ்கட்டு லீக்கு ஆவுது. அதுக்கே நான் ஒண்ணும் சொல்லல."

ஆகவே அந்த மணித் துண்டை எடுத்துவிட்டேன். ஆனால் மணிமொழிமேல் எனக்கு இருந்த சந்தேகத்தை எடுக்கவில்லை; அதையும் சொல்லிவிடுவதுதான் முறை. எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. குடத்தைக் காட்டும்போதே, "இந்த இடத்துல ஒரு சின்ன நசுங்கல் இருக்குங்க, பாத்துக்கோங்க" என்று நாமே சொல்லிவிடுவது. வாங்குகிறவர் மனம் குளிர்ந்துபோகும். பெரிய நசுங்கல் எங்கே என்று தேட மாட்டார். 'கேட்கவில்லை' என்று இந்தப் பெண் எழுதியதும் அந்த வகையா? தன் குறையைத் தானே சொல்லும் வாதம் நேர்மையானதா, மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமானதா? ஒரு தாளை வைத்துக்கொண்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இது உண்மையாகவே தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

6

பொன்னுரங்கமும் சும்மா இருக்கவில்லை. அவரும் மறுபடி படித்திருந்தார்.

"ஒண்ணு ஒத்துக்கறேன் மேடம். முடிவுரை இல்லன்னதும் எனக்குக் கோவம். அந்தக் கோவத்துல மூணு நாள் நின்னு எண்ணினத நான் கண்டுக்கவே இல்ல. பன்னெண்டு போட்டிருக்கேன்."

"நான் பதினஞ்சு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினெட்டும் ஒன்பதும் இருபத்தேழு. பதினைந்தும் பன்னிரண்டும் இருபத்தேழு. இரண்டு பேரும் மனசாட்சியோடு மூன்று மூன்று படி நகர்ந்திருக்கிறார்கள். பதின்மூன்றரை என்ற சராசரி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"வித்தியாசம் மூணு தான். இனிமே பேச வேண்டியது இல்ல. தமிழழகன்தான் படிக்கறான்" என்றார் சார். "கையெழுத்துப் போடுங்க."

டீச்சர் போடவில்லை.

"அந்தக் கடைசிக் கட்டம் சார்… ஒண்ணு தான் போட்டேன். மனசு ஒப்பல."

"சான்று எங்க இருக்குன்னு தெரியுது. போய் எடுக்கல. எடுக்கலன்னா மார்க் இல்ல. இதுல இன்னா கொழப்பம்?"

"எடுக்கலன்னு சொல்லிட்டாளே. மத்த அறுபத்தொண்ணும் எடுக்காதத மறைச்சிக்கினு எழுதியிருக்கு சார்."

"கணக்குல 'இந்த ஸ்டெப்பு நான் போடல'ன்னு எழுதி வெச்சா, ஸ்டெப்புக்கு மார்க் குடுப்பாங்களா?"

"கணக்குல ஸ்டெப்பு அப்பாவா இருக்காது சார்."

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. [மின்விசிறி வரியும் டீச்சரிடம் அடி வாங்கியது. 'அன்னிக்கு கரண்டு இல்ல' என்று எழுதியிருக்கிறார். அப்படியானால்: அறையில் ஒன்றும் சுற்றவில்லை.]

7

இங்கேதான் டீச்சர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார். மதிய இடைவேளையில் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய் மணிமொழியைக் கூப்பிட்டார்.

"ஒங்கட்டுரைய அப்பா படிச்சாராம்மா?"

"இல்ல மிஸ்."

"அந்தக் கேள்விய வூட்லயே கேட்டிருக்கலாமே?"

"முடியாது மிஸ்." பெண் சைக்கிள் சீட்டில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள். "அபிநயா வுழுந்த அன்னிக்கு சாயந்தரம் அவரு சாப்பிடல. மறுநாளு டிரெய்லருக்கு ரெண்டு பக்கமும் கட்டை அடிச்சிக்கினு இருந்தாரு, கரும்பு வெளிய நீட்டாம இருக்க."

"அப்போ—"

"எல்லா வண்டிக்காரரும் தான் மிஸ் அந்த வாரம் அடிச்சாங்க. பக்கத்து வூட்டு அண்ணாகூட சாப்பிடல. அதனால அது சான்று ஆவாது. நீங்க தானே சொன்னீங்க, ரெண்டு பக்கமும் இழுக்கிறது சான்று இல்லன்னு?"

டீச்சர் தான் நடத்திய பாடத்தைத் தானே முழுங்கினார்.

"சரி. இதைப் போயி எதுக்கு போட்டிக் கட்டுரையில எழுதினே?"

"ஃபர்ஸ்ட்டு வந்தா நான் தானே கூட்டத்துல படிப்பேன்? அப்பா அங்க குந்தியிருப்பாரு. நானா கேக்க வேணாம் மிஸ். அந்த வரி வரும்போது அவரு மூஞ்சியப் பாத்தா போதும்."

"பாத்துட்டு?"

"மிச்சத்த எழுதிடுவேன். அதுக்குத்தான் ஒரு பக்கம் வெத்தா உட்டிருக்கேன்."

"அவரு வண்டி தான்னு தெரிஞ்சா? இன்னா எழுதுவே?"

"தெரிஞ்சா தானே மிஸ் எழுத முடியும்."

மணி அடித்துவிட்டது. பெண் ஓடிவிட்டாள்.

என் சந்தேகத்துக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. பாதிதான். தந்திரமா என்றால், ஆமாம், தந்திரம்; கூட்டத்துக்கு நடுவில் அப்பாவை உட்காரவைத்து முகம் பார்க்கிற தந்திரம். ஆனால் அவளிடம் பெரிய நசுங்கல் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. இருந்தால் அது எங்கே என்று அவளுக்கே தெரியாது.

8

டீச்சர் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னதும், பொன்னுரங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏன் மேடம் போய்க் கேட்டீங்க? இப்போ நீங்க மார்க் போடறது அந்த வரிக்கா, அந்த மூஞ்சிக்கா?"

"தெரியல சார்."

"எனக்கும் இப்போ தெரியாம போச்சு. என்னையும் சேத்துக் கெடுத்துட்டீங்க."

டீச்சர் மட்டும் மனம் மாறினால் நடக்காது. பதினாறரையைத் தாண்ட வேண்டுமென்றால், சாரின் பன்னிரண்டோடு சேர இவர் இருபதுக்கு இருபத்திரண்டு போட வேண்டும். அந்தத் துணிச்சல் எங்கள் கடைத்தெருவிலேயே யாருக்கும் கிடையாது. இரண்டு பேனாவும் சேர்ந்து நகர வேண்டும். நகர்ந்தால் தமிழழகன் என்று ஒருவன் இருக்கிறான். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, கேட்டதையெல்லாம் கேட்ட இடத்தில் எழுதியிருக்கிறான். நகராவிட்டால் அபிநயாவுக்காகப் பூட்டுப் போட்டதுபோல் ஒரு வாதம் கூட்டத்தில் ஒலிக்கும். ஒருவேளை பள்ளி நேரத்தில் பிள்ளைகளுக்கு டிராக்டர் இல்லாத சாலை கிடைக்கும். அது சின்ன விஷயமா? ஒரு பெண் தன் வீட்டுக்குள் இன்னொரு பருவம் முழுக்க அந்தக் கேள்வியோடு சோறு பரிமாறிக்கொண்டிருப்பாள், அது?

முடிவு ஒன்று எழுதினேன்: "கூட்டத்தில் மணிமொழி எழுந்தாள். மூன்றாவது வரிசையில் பூமாலை தலைகுனிந்து—" [குனிந்தார் என்று எழுதினால் வண்டி அவருடையதாகிவிடும்.]

முடிவு இரண்டு: "மூன்றாவது வரிசையில் பூமாலை மகளைப் பார்த்து நிமிர்ந்து—" [நிமிர்ந்தார் என்றால் இல்லையென்றாகிவிடும். அவர் கழுத்தை அசைக்க எனக்கு என்ன உரிமை?]

முடிவு மூன்று: "பொன்னுரங்கம் மணிமொழியின் தாளைத் தன் பக்கம் இழுத்தார். வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, அதில் என்னவோ எழுதியிருப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். 'மேடம், இந்த அஞ்சாவது கட்டம் இருக்கே' என்றவர், பேனாவின் மூடியைக் கழற்றி—"

இது நடந்தது. இதற்குப் பிறகு நடந்ததும் எனக்குத் தெரியும். டீச்சர் அந்த எண்ணைச் சொன்னார், காது குளிரக் கேட்டேன். ஆனால் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அந்த எண்ணிலிருந்துதான் பேச ஆரம்பிப்பீர்கள்: ஒன்று கூட்டிப் பார்ப்பீர்கள், ஒன்று குறைத்துப் பார்ப்பீர்கள், உங்கள் எண் எதுவென்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

தாளில் இருப்பதும் இல்லாததும் உங்கள் முன்னால் இருக்கிறது. அப்பாவைக் கேட்காதவள், கேட்கவில்லை என்று எழுதியவள், கேட்பதற்காகவே எழுதியவள். மறுப்புக் கட்டத்துக்கு நான்கு மதிப்பெண். தலைமையாசிரியர் நாலு மணிக்குப் பட்டியல் கேட்டிருக்கிறார், கூட்டம் செவ்வாய்க்கிழமை. எந்தக் கட்டுரை படிக்கப்பட்டாலும் பூமாலை வருவார், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு.

முதலில் நீங்கள் சொல்லுங்கள்.